நூற்றில் பதினொன்று

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கும் கடிதமும் என் வேலை. பழனிசெட்டிபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வடக்கே இருந்து புது ஆட்கள் ஆங்கிலத்தில் விசாரிக்கத் தொடங்கியதால், சனி, ஞாயிறுகளில் தேனியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. டீச்சருக்கு இருபத்தைந்து இருக்கலாம்.

நான்காவது நாள் பாடம் அட்ஜெக்டிவ். ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் அதை விவரிக்கும் பல சொற்கள் வந்தால் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு என்றார். முதலில் நம் அபிப்பிராயம், பிறகு அளவு, வடிவம், நிறம். நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். தமிழில் எதை முதலில் சொன்னாலும் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரமே டெல்லிக்காரர் ஒருவர், கையிருப்புக் காய் எப்படி இருக்கிறது என்று மெயிலில் கேட்டார். முதலாளி என்னை எழுதச் சொன்னார்.

"இந்த ஆளு கைநழுவிப் போனா லெட்டர் வேலைய என் மருமகன்கிட்ட குடுத்துருவேன், பாத்துக்க" என்றார்.

மருமகன் சென்னையில் படித்தவர். அந்த வேலை கையைவிட்டுப் போனால் எனக்குக் கணக்கும் மூட்டைச் சீட்டும் எழுதுவதுதான் மிஞ்சும்.

வெள்ளைத்தாளில் காயைக் கொட்டி நூறு எண்ணினேன். பதினொன்று வாய் பிளந்திருந்தது. ஸ்மால், ரவுண்ட், பேல் கிரீன் என்று எழுதி, பிளந்த காயின் எண்ணிக்கையையும் சேர்த்தேன். அபிப்பிராயத்துக்கான கட்டத்தில் எழுத எதுவும் இல்லை, காலியாக விட்டேன்.

முதலாளி அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"ஏத்தா, பொண்ணு பாக்க வந்தவுககிட்ட, புள்ளைக்குப் பல்லு எடுப்பு, வாயும் சாஸ்தின்னு நாமளே சொல்லுவமா? எக்ஸலென்ட்டுன்னு ஒண்ணு போட்டா என்ன?"

"காய் அங்கன போய் இறங்குனதும் அவுகளும் எண்ணுவாகள்ல, அண்ணே."

"எண்ணுவாக, எண்ணுவாக. உன்னை மாதிரி வேற வேலை இல்லாதவுக எண்ணுவாக!"

ஆனாலும் மாற்றச் சொல்லவில்லை. அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. முதலாளி மருமகனுக்குப் போன் செய்து, என் காதில் விழும்படியே பேசினார். மூன்றாம் நாள் பகல் மெயில் வந்தது. பொடி அரைக்கத்தான் காய் வேண்டும், பிளந்திருந்தால் பாதகமில்லை, விலையைச் சற்றுக் குறைத்தால் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன் என்று டெல்லிக்காரர் எழுதியிருந்தார். முதலாளி போனில் அரைகுறை இந்தியில் பேசி, அவர் கேட்ட குறைப்பில் பாதியை மட்டும் விட்டுக்கொடுத்து முழுவதையும் விற்றார்.

மறுநாள் காலை என் மேசையில் வேறொரு தோட்டத்துச் சாம்பிள் இருந்தது.

"இது நெசமாவே நல்ல காயி. கொஞ்சம் மனசு வச்சு எழுதுத்தா" என்றார் முதலாளி.

பிரித்துப் பார்த்தேன். நல்ல காய்தான். அபிப்பிராயக் கட்டத்தில் 'குட்' என்று போட்டேன். அதற்கு மேல் போகவில்லை.