மைதானத்தில் ‘ங்க’ கிடையாது

என்னை டீமிலிருந்து நீக்கினார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீக்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாலு பேருக்கு முன்னால் கத்தியிருப்பேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் எழுந்து காட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எனக்கு மரியாதை கொடுத்தார்கள். அந்த மரியாதையிலிருந்து வெளியே வர எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

சேலத்தில் அப்போது நாலைந்து ஃபுட்பால் டீம்கள் இருந்தன. எங்கள் டீமில் ஒன்பது வருடம் நான்தான் ரைட் அவுட். வலது கோட்டை ஒட்டி ஓடி, பந்தைக் கோலுக்கு முன்னால் தூக்கிப் போடுகிற வேலை. சங்ககிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கடலை போடுகிற காடு இருந்தது, கிணறு இருந்தது. படிக்கச் சேலத்துக்கு வந்தவன் படிப்பைக் கைவிட்டுப் பந்தைப் பிடித்துக்கொண்டேன். என் ஓட்டத்தைப் பார்க்க ஓமலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. வந்தார்கள், சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘ங்க’ போடாமல் எங்களுக்கு ஒரு பேச்சும் முடியாது. பெற்ற பிள்ளையையே ‘வாங்க சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். அடிக்கக் கை ஓங்குகிறவன்கூட ‘நில்லுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் ஓங்குவான். ஆனால் மைதானத்துக்குள் அதற்கு இடமில்லை. ‘பந்தைக் கொடுங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள் எதிராளி பந்தோடு பாதி தூரம் போயிருப்பான். ‘குடுறா’, ‘உடுறா’, ‘கண்ணு எங்கடா இருக்குது’, அவ்வளவுதான் அங்கே பாஷை. ஆட்டம் முடிந்து சட்டையை மாட்டிக்கொண்டால் மறுபடி எல்லோரும் ‘ங்க’வுக்குத் திரும்பிவிடுவோம்.

ஒருவன் மட்டும் சட்டையை மாட்டிய பிறகும் என்னை ‘டா’ போட்டுத்தான் பேசுவான். எங்கள் காப்டன். அயோத்தியாப்பட்டணத்துக்காரன், ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர், என் வயதுதான். அவன் ஊர்ப் பக்கத்தில் ‘ங்க’ எங்கள் அளவுக்குப் புழங்காது. ஒன்பது வருடமும் நடு மைதானத்திலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான். திட்டு வந்து காதில் விழும்போது பந்தும் காலில் வந்து விழும். வாழ்க்கையில் நான் இவ்வளவு நம்பிய குரல் வேறு கிடையாது.

ஓமலூர்க்காரர்களோடு ஆடிய ஒரு ஆட்டத்தில் என் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. கட்டு வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். மூன்று மாதம் படுத்திருந்தேன். எழுந்து நடந்தேன், ஓடினேன். நேராக ஓட முடிந்தது. திடீரென்று திரும்பினால் மட்டும் முழங்கால் பூட்டிக்கொண்டது. ரைட் அவுட்டுக்குத் திரும்புவதுதான் பிழைப்பே. எனக்கும் இது தெரியும். ஆனால் நமக்கே தெரிவது வேறு, நம்மோடு ஆடியவன் நம் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

பயிற்சிக்குப் போன முதல் நாள் காப்டன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லிக் கோட்டுக்கு வெளியே போட வைத்தான்.

“வாங்க, உக்காருங்க. காலுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு குடுங்க” என்றான்.

எங்களிடம் கற்றுக்கொண்ட ‘ங்க’வை என்மேலேயே காட்டுகிறான். கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. என் கண்ணைப் பார்க்காமல் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆட்டத்துக்கும் ஓய்வு. அதற்கடுத்ததற்கும் ஓய்வு. என் இடத்தில் ஒரு புது ஆள் ஓட ஆரம்பித்திருந்தான். நன்றாகத்தான் ஓடினான், அதிலும் எனக்குக் குறை சொல்ல வழியில்லை. பிறகு கிளப் காரியதரிசியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னைக் கௌரவ ஆலோசகராக நியமித்திருந்தார்கள். அதன் பிறகு யாரும் என்னிடம் ஒரு ஆலோசனையும் கேட்கவில்லை. நான் ஊருக்குத் திரும்பிக் கடலைக்காட்டில் இறங்கினேன்.

ஒரு தடவை சங்ககிரியிலிருந்து சேலம் போகும் கரி பஸ்ஸில் ஏறினேன். யுத்த காலம், பெட்ரோலுக்குப் பதில் பின்னால் உருளை வைத்துக் கரி எரித்து ஓட்டினார்கள். மேடு வந்தால் மூச்சிரைக்கும். உள்ளே நெரிசல். சேலம் நெருங்கும்போதுதான் பார்த்தேன், ஜன்னலோரம் காப்டன் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். “நீங்க உக்காருங்க” என்று இடம் விட்டான். என் வயதுக்காரன், கிழவனுக்கு எழுந்து நிற்பது போல எனக்கு எழுந்து நிற்கிறான். நான் உட்காரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதித் தூரத்தை வெயிலில் நடந்தே போனேன். முழங்கால் அன்று ராத்திரி முழுக்க என்னைத் திட்டியது, அதுவாவது திட்டியதே என்று இருந்தது.

இரண்டாம் வருடம் கிளப்புக்கு ஆண்டு விழா வந்தது. ஈரோட்டு டீமை அழைத்து ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். முதல் உதையை நான் உதைத்துத் துவக்கி வைக்க வேண்டும் என்று கேட்கக் காரியதரிசியே எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், ஜவுளிக் கடைக்காரர், கை கூப்பியே பேசுகிறவர்.

“நீங்க வந்து ஒரு உதை உதைச்சாப் போதுமுங்க. மாலை போட்டு, மேடையில உக்கார வச்சு, ஜோரா நடத்திப் போடலாமுங்க” என்றார்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நிறுத்தினேன். இவர்களாகவே என்னைக் கோட்டைத் தாண்டி உள்ளே வரச் சொல்கிறார்கள். பந்தையும் காலடியில் வைத்துத் தருகிறார்கள். அந்த நிமிடத்திலேயே தீர்மானம் பண்ணிவிட்டேன். எனக்கு மறுபடி டீமில் இடம் வேண்டாம். ‘உன் ஆட்டம் முடிந்தது’ என்ற பேச்சு அவன் வாயிலிருந்து வர வேண்டும், அதுவும் மைதானத்தில் வைத்து. அது வரும்வரை நகர்வதில்லை.

“வாரேனுங்க” என்றேன்.

விழா அன்று காலையில் என் மனைவி கொடியில் டவுசரைக் காணாமல் என்னிடம் வந்தாள். நான் அதை வேட்டிக்குள்ளே போட்டிருந்தேன்.

“ஏனுங்க, மாலை வாங்கப் போறவிங்களுக்கு டவுசரு எதுக்குங்க?”

“காத்து அடிக்குது” என்றேன். வெளியே ஒரு இலை அசையவில்லை. அவள் என்னையும் வானத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாலை போட்டார்கள். கைதட்டினார்கள். நடு மைதானத்தில் பந்தை வைத்துவிட்டு இரண்டு டீமும் ஒதுங்கி நின்றன. நான் போய் உதைத்தேன். உதைத்துவிட்டு மாலையைக் கழற்றி ரெஃப்ரி கையில் கொடுத்தேன். வேட்டியையும் அவிழ்த்து மடித்து அவரிடமே கொடுத்தேன். வலது கோட்டோரம் போய் என் இடத்தில் நின்றேன்.

கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. ரெஃப்ரி ஆளை எண்ணிப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர் இருப்பதாகக் காப்டனிடம் சொன்னார். காப்டன் மெதுவாக என்னிடம் நடந்து வந்தான்.

“வாங்க, மேடைக்குப் போலாம். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நான் எதுக்கு வெளிய போகணும்? அதைச் சொல்லு, போயிடறேன்.”

“உங்க கால்...”

“என் காலுக்கு என்ன?”

தாடையைத் தடவினான், தரையைப் பார்த்தான். கடைசியில் புது ரைட் அவுட்டைக் கூப்பிட்டு வெளியே போய் உட்காரச் சொன்னான். அந்தப் பையன் முகம் தொங்கிப் போயிற்று. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் நான் நகரவில்லை.

“ஆடுங்க” என்றான் காப்டன்.

ஆடினேன். சீக்கிரமே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் பந்தை உருட்டி உருட்டி, நோகாமல் என் காலடியில் வைத்தார்கள். ஈரோட்டுக்காரர்கள் நான் வந்தால் வழி விட்டார்கள். அந்தப் பக்கம் என்னைத் தடுக்க வேண்டிய பேக் ஒரு மலை மாதிரி ஆள். பழைய நாட்களில் என் விலாவில் அவன் முழங்கை படாத ஆட்டம் கிடையாது. அவனே இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றான். என் முழங்கால் பூட்டிக்கொண்டு நான் பந்தைத் தவறவிட்டபோது, அவன் பந்தை எடுக்காமல் நான் சமாளித்து நிற்கும்வரை காத்திருந்தான்.

அடுத்த தடவை கோலுக்கு முன்னாலேயே போய்விட்டேன். கோலியும் நானும் மட்டும். இடது பக்கம் உதைத்தேன், உதையில் வலுவே இல்லை. கோலி அதற்கு எதிர்ப் பக்கம் பாய்ந்து விழுந்தான். பந்து உருண்டுபோய்க் கோட்டைத் தாண்டி நின்றது. சுற்றி நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது. காரியதரிசி மேடையில் துண்டைச் சுழற்றினார்.

ஒன்பது வருடத்தில் நான் போட்ட கோல்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கின்றன. அந்த வரிசையில் இதைக் கொண்டுவந்து வைக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பந்தை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடு மைதானத்துக்கு வந்து காப்டன் நெஞ்சில் எறிந்தேன்.

“இது கோலா? சொல்லுடா, இது கோலா?”

“கோல்தாங்க. ரெஃப்ரி விசில்...”

“நான் என்ன செத்தா போயிட்டேன், எல்லாரும் சேந்து கருமாதி பண்றதுக்கு?”

அவன் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்பது வருடம் பார்த்த முகம் அது. இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்தது.

“போதும்டா!” என்று கத்தினான். “உன் கால் போச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே போச்சு. உன்னால திரும்ப முடியாது, ஆட முடியாது, உன் ஆட்டம் முடிஞ்சுபோச்சு. உன் பேரை லிஸ்ட்டிலேர்ந்து அடிச்சது நான்தான், வேற எவனும் இல்ல. உன் மூஞ்சியப் பாத்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. நாற்காலி போட்டேன். என்னத்த பண்ணச் சொல்ற?”

அவனுக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது, அவன் துடைக்கவில்லை. எனக்கு நெஞ்சு வலித்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வலித்தது. இரண்டு வருடம் எதைக் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேனோ அது வந்துவிட்டது, வந்தது கத்தி மாதிரிதான் இறங்கியது. ஆனாலும் அந்த வலியில் ஒரு சுத்தம் இருந்தது.

“சரி” என்றேன். “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு திட்டுத் திட்டிப்போட்டுப் போயிருப்பேனே.”

வெளியே உட்கார்ந்திருந்த புது ரைட் அவுட்டைக் கை காட்டி உள்ளே வரச் சொன்னேன். ரெஃப்ரியிடமிருந்து என் வேட்டியை வாங்கிக்கொண்டேன். அந்தக் கோலை அழிக்கச் சொன்னேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார். ஈரோட்டு பேக்கிடம் போய், “இனி எவனுக்கும் வழி உடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தேன். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. நான் ஓய்வு பெற்றது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் என்னை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார்கள்.

மேடைக்குப் போகவில்லை. கோட்டோரமாகவே நின்றேன். ஆட்டம் சூடு பிடித்தது. ஈரோட்டுக்காரர்கள் இப்போது நிஜமாகவே ஆடினார்கள். சிறிது நேரத்தில் காப்டன் பந்தை வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். பின்னாலிருந்து ஒருவன் வந்து தட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்குப் பொறுக்கவில்லை.

“கண்ணு எங்கடா இருக்குது?” என்று கத்தினேன்.

பந்தைத் துரத்திப் போன காப்டன் நின்று என் பக்கம் திரும்பினான்.

“வெளிய போனவன் வாயை மூடுறா!” என்று பதிலுக்குக் கத்திவிட்டு மறுபடி ஓடினான்.

பக்கத்தில் நின்றவர்கள் பதறிப்போனார்கள். காரியதரிசி மேடையிலிருந்து இறங்கி ஓடோடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுப் போடுங்க. விழாவுக்குக் கூப்பிட்டு வச்சு இப்படிப் பேசிப்போட்டாரே. அவர்கிட்ட நான் கேக்கறனுங்க...”

“அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க” என்றேன். “நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கறமுங்க.”