போயிட்டு வர்றேனுக்கு இங்கிலீஷ் என்ன?

தேனிக் கடைத்தெருவில் புரொசீடு பொன்னுராஜைத் தெரியாதவர்கள் அன்றைக்கு யாரும் கிடையாது. அவருடையது பலசரக்குக் கடைக்காரக் குடும்பம். அண்ணன்மார் புளியும் மிளகாய் வற்றலும் நிறுத்துக்கொண்டிருக்க, இவர் ஒருவர்தான் மெட்ரிகுலேஷன் வரைக்கும் படித்து, ஊர் ஊராக முகாம் போடும் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனார். 'போனார்' என்று நான் மொட்டையாக எழுதுவது அவருக்குப் பிடிக்காது. 'கோ' என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்கிற சொல் என்பார். மாடு வழி தப்பிப் போனால் 'ஸ்ட்ரே', திருடன் போனால் 'எஸ்கேப்', கனவான் போனால் 'டிபார்ட்', கோர்ட்டுக்குப் போனால் 'புரொசீடு'. எந்த வெள்ளைக்காரனும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பொன்னுராஜ் பேசுவார், வாய் நிறையப் பேசுவார்.

தமிழில் மட்டும் அவருக்கு ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கும்போது, "சுகிர்தம், நான் போறேன்" என்பார். உள்ளேயிருந்து அவர் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வருவாள்.

"போறேன்னு சொல்லாதீகன்னு எத்தன தடவ சொல்றது? வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க."

"போறவன் போறேன்னுதான சொல்லணும்? வர்றப்ப வந்து வர்றேன்னு சொல்றேன்."

"ஜெபம் பண்ற வீட்ல இப்பிடியா பேசுவாக?"

அதற்குள் அவர் தெருமுனை தாண்டியிருப்பார். நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கு நானாக இருந்தால் ஒரு வேளைச் சோறுகூடப் போட்டிருக்க மாட்டேன்.

முப்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம், ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு புளியந்தோப்பில் முகாம். கூடாரத்துக்குள் மேஜை போட்டு மாஜிஸ்திரேட் துரை உட்கார்ந்திருந்தார். சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளவட்டத் துரை. முன்ஷி வைத்துத் தமிழ் படித்துக்கொண்டிருந்தார், ஆனால் அது புத்தகத் தமிழ். ஜனங்கள் பேசுவது அவர் காதில் ஏறவில்லை.

அன்றைய வழக்கு, அறுத்து அடுக்கி வைத்திருந்த ஒரு சோளத்தட்டைப் படப்பு எரிந்துபோனது. படப்புக்குச் சொந்தக்காரன் வேலுச்சாமி. பக்கத்துப் புஞ்சைக்காரன் அம்மாவாசியின் மாடு தன் சோளத்தில் மேய்ந்ததாகச் சண்டை வந்து, அன்று ராத்திரியே படப்பு எரிந்துவிட்டது. தீ வைத்ததை யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் அம்மாவாசியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். அவனுக்கு வக்கீல் கிடையாது. அவன் மனைவி மாயக்காள் மட்டும் கூடார வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

சண்டை எப்படி முடிந்தது என்று துரை கேட்டார். வேலுச்சாமி உள்ளதைச் சொன்னான்.

"அம்புட்டும் பேசிட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, சரி, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனான் சாமி."

பொன்னுராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கு பெரிய வழக்கு, சொல்லும் பெரிய சொல்லாக இருக்க வேண்டாமா? "ஐ ஷால் டிபார்ட், அண்ட் ஐ ஷால் ரிட்டர்ன்" என்றார். நான் புறப்படுகிறேன், திரும்பி வருவேன்!

துரையின் பேனா நின்றது. அப்படிச் சொன்னாயா என்று அம்மாவாசியைக் கேட்கச் சொன்னார்.

"சொன்னேன் சாமி. சொல்லாமப் போவாகளா?" என்றான் அம்மாவாசி.

ஒப்புக்கொள்கிறான் என்று பொன்னுராஜ் மொழிபெயர்த்தார். இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தாவும் சப் இன்ஸ்பெக்டரும் பக்கத்தில்தான் நின்றார்கள். துரைக்கு முன்னால் வாயைத் திறக்க யாருக்குத் தைரியம் வரும்? திரும்பி வருவேன் என்று மிரட்டியிருக்கிறான், ராத்திரியே படப்பு எரிந்திருக்கிறது, இனி என்ன வேண்டும்? சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு என்று துரை எழுந்தார். அம்மாவாசிக்கு ஜெயில் நிச்சயம் என்று குமாஸ்தா முணுமுணுத்தார்.

பொன்னுராஜ் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மாயக்காள் வந்து நின்றாள்.

"அய்யா, எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாருன்னு சொன்னீக? தொர மொகம் ஏன் அப்பிடிச் செவந்துபோச்சு?"

"அவன் சொன்னதத்தான் சொன்னேன். திரும்பி வருவேன்னு மெரட்டிட்டுப் போயிருக்கான்ல."

"மெரட்டுனாரா?" அவளுக்குப் புரியவே இல்லை. "போறப்ப வேற என்னத்தச் சொல்லுவாக? சண்ட போட்டாலும் சொல்லிக்கிட்டுத்தான போகணும்? போறேன்னா சொல்லுவாக? காலையில வீட்ட விட்டு வாரப்ப நீங்க என்ன சொல்லிட்டு வந்தீக?"

 அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பிடியாச்சும் நல்ல வார்த்தையாச் சொல்லுங்கய்யா. நான் போயிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு அவள் போனது எங்கேயும் இல்லை, எதிர்த்த மரத்தடிக்குத்தான். அங்கே போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பொன்னுராஜுக்குச் சுகிர்தத்தின் குரல் அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டார்.

சொன்னதை மாற்றிச் சொன்னால், காசுக்குக் கை நீட்டிவிட்டான் என்றுதான் துரை நினைப்பார். வேலை போய்விடும். அண்ணன் கடையில் உட்கார்ந்து மிளகாய் நிறுக்க வேண்டியதுதான். கடைத்தெரு முழுக்கச் சிரிக்கும். சொல்லாமல் விட்டால், எதிர்த்த மரத்தடியில் இருப்பவளின் புருஷன் ஜெயிலுக்குப் போவான். அந்த மனுஷன் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது. கடைசியில் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தார்.

அவர் பயந்தபடியே துரை கேட்டார், எவ்வளவு கொடுத்தார்கள் என்று.

பொன்னுராஜ் கெட்டிக்கார இங்கிலீஷை எல்லாம் விட்டுவிட்டார். "எதுவும் கொடுக்கவில்லை. நான் சொன்னது தப்பு. அது மிரட்டல் இல்லை. எங்கள் ஊரில் அதற்கு 'குட்பை' என்றுதான் அர்த்தம்" என்றார்.

"காலையில் அது உமக்குத் தெரியாதா?"

"அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை, யுவர் ஆனர்."

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேலுச்சாமியைக் கூப்பிட்டு, அவனை வீட்டுக்குப் போகச் சொல்லும் என்று பொன்னுராஜிடம் சொன்னார். பொன்னுராஜ் சொன்னார். வேலுச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைக்கு மேலே கையைக் கூப்பினான்.

"சரிங்க சாமி, அப்பப் போயிட்டு வர்றேன்."

பொன்னுராஜ் அதை மொழிபெயர்க்கவில்லை. குமாஸ்தாவுக்கு இருமல் வந்துவிட்டது. காலையில் கேட்ட அதே சொல் துரைக்கும் காதில் விழுந்தது. சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த ஒரு சொல்லைத் தவிர அம்மாவாசி மேல் வேறு சாட்சியம் இல்லை. விடுதலை என்று பொன்னுராஜ் தமிழில் சொன்னதும் அவன் கும்பிட்டான். வழக்கம்போல என்னவோ சொல்ல வாயெடுத்தான், பயந்துபோய் அப்படியே விழுங்கிவிட்டான். முதுகு காட்டாமல் பின்னுக்கு நடந்து வெளியே போனான். அந்த ஆளின் வாயிலிருந்த சொல்லையே பிடுங்கிவிட்டோமே என்று பொன்னுராஜ் அவன் போன வாசலையே பார்த்தார்.

துரை குனிந்து எழுதிக்கொண்டே, "யூ மே கோ, பொன்னுராஜ்" என்றார்.

கோ! டிபார்ட் இல்லை, புரொசீடு இல்லை, வெறும் கோ. இன்றைக்குப் போகச் சொல்கிறாரா, ஒரேயடியாகவா? போவதற்கு அத்தனை சொல் தெரிந்த மனுஷனுக்கு அந்தச் சின்னச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை.  வாசல் பக்கம் திரும்பியவரின் வாயில் அதுவாகவே வந்தது:

"போயிட்டு வர்றேன், யுவர் ஆனர்."

துரை நிமிர்ந்து பார்த்தார். முன்ஷி சொல்லிக்கொடுத்த தமிழைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"போய் வாரும்."

பொன்னுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவாசியும் மாயக்காளும் கிளம்பாமல் நின்றிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்து மாயக்காள் பதறிவிட்டாள்.

"அய்யா, எங்களால ஒங்களையும் போகச் சொல்லிட்டாகளா?"

"இல்ல ஆத்தா. போயிட்டு வரச் சொன்னாக."