அவைக்குறிப்பில் ஏறாத பெயர்

சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் உட்காருகிறவர்கள் கால்மேல் கால் போடக் கூடாது, விசிறிக்கொள்ளக் கூடாது, கை காட்டக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. காவலர் ஒருவர் இதையெல்லாம் சொல்லிவிட்டு என் பையையும் குடையையும் வாங்கி வைத்துக்கொண்டார். வாயைத் திறக்கிற நிலையிலா நான் இருந்தேன்? கீழே எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. கேள்வி கேட்கப் போகிறார். கேட்கிற வேகத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டால் என் வேலை போய்விடும்.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிற நர்ஸ் நான். யார் பெயரும் இங்கே வேண்டாம். அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை. வேலை தற்காலிகம். டாக்டர் கையெழுத்துப் போட்டால் தொடரும், போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷம் வைகாசியில், கருட சேவையன்று விடியற்காலையில், ஒரு நெசவாளியின் மனைவிக்கு எங்களிடம் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வாள். எங்களிடம் இருந்ததோ ஒரே ஜீப். மேலதிகாரி ஒருவரின் குடும்பம் பெருமாளைச் சேவிக்க வேண்டுமென்று அதில் ஏறிச் சின்ன காஞ்சிபுரம் போயிருந்தது. கூட்டத்தில் மாட்டிக்கொண்ட வண்டி எப்படித் திரும்பும்? “ஜீப்பு எங்கமா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “வந்துக்கினே இருக்குதுமா” என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்க எம்.எல்.ஏ. வந்தார். பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம், நல்ல மனுஷன், ஆனால் ஓட்டை வாய். அவரிடம் ரகசியம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். தெரிந்தும் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். “ஜீப்பு கோயிலுக்குப் போயிருந்துதுங்க. என் பேரை மட்டும் வெளிய உட்டுடாதீங்க ஐயா” என்றேன். “நான் உடுவனாமா?” என்று அவர் கேட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அதையே அவர் சட்டமன்றத்தில் கேள்வியாகக் கொடுத்தார். செத்தவளின் புருஷனுக்கு மாடத்தில் உட்கார இரண்டு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். அந்த மனிதர் என்னிடம் வந்து நின்றார். “எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது நர்சம்மா, நீங்களும் கூட வாங்கமா.” மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் பல்வலி என்று லீவு கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, “எந்தப் பல்லு?” என்றார். ஏதோ ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

எங்கள் கேள்வி வந்தது. மந்திரி எழுந்து பதிலைப் படித்தார். வண்டி அன்று பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தது, அவ்வளவுதான் பதில். அந்தப் பதில் எங்கள் டாக்டரின் மேசையிலிருந்து கிளம்பிப் போனது என்று எனக்குத் தெரியும்.

எம்.எல்.ஏ. துணைக் கேள்விக்கு எழுந்தார். “பட்டறையில் இருந்த வண்டி கருட சேவையன்று சன்னதித் தெருவில் நின்றதே, அது எப்படி என்று அமைச்சர் அவர்கள் கூறுவார்களா?”

மந்திரி சிரித்தார். “கருடனுக்குத் துணையாகப் போயிருக்கும் போலிருக்கிறது.”

சபை முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் அந்த மனிதர் மடியில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மந்திரி சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “இது வெறும் வதந்தி. உறுப்பினரிடம் இதைச் சொன்னது யார்? பெயரைச் சொல்லட்டும், இன்றைக்கே விசாரிக்கிறேன்” என்றார். அவருக்குப் பின்னாலிருந்தவர்கள், “பேரைச் சொல்லுங்க, பேரைச் சொல்லுங்க” என்று மேசையைத் தட்டினார்கள்.

எம்.எல்.ஏ. நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார். நேராக என்னைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமென்றால் கதவை மறித்துக் காவலர் நிற்கிறார். சொல்லிவிடாதே, புண்ணியமாகப் போகட்டும், சொல்லிவிடாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன். இந்த ஓட்டை வாயை நம்பினேனே, எனக்கு வேண்டும். வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறேன் என்றெல்லாம் ஓடியது.

“சொல்றேன்” என்றார். சொன்னார்.

செத்துப்போனவளின் பெயர். இன்னார் மனைவி இன்னார் என்று ஊரோடு சேர்த்துச் சொன்னார். அதிகாரிகள் இருந்த பக்கத்தில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார். மந்திரி, “நல்லது, அந்த அம்மையாரை அழைத்து விசாரிக்கச் சொல்கிறேன்” என்றார்.

எம்.எல்.ஏ.வுக்குச் சபைத் தமிழ் மறந்துபோனது. “எப்பிடிங்க கூப்புடுவீங்க? அந்தம்மாதாங்க செத்துப்போனது. ஜீப்பு எங்க, ஜீப்பு எங்கன்னு கேட்டுக்கினே செத்துப்போச்சுங்க.”

மேசை தட்டிய கைகள் நின்றுவிட்டன. எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். என் பெயர் இல்லை. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சத்தம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சபாநாயகர் அமைதியாகச் சொன்னார்: “சபைக்கு வெளியே உள்ளவர்களின் பெயரை இங்கே சொல்வது மரபல்ல. அது அவைக்குறிப்பில் ஏறாது. அடுத்த கேள்வி.” அடுத்த கேள்வி ஏதோ ஒரு பாலத்தைப் பற்றியது.

வெளியே வந்ததும் எம்.எல்.ஏ. எங்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். “பயந்துட்டியாமா? எனக்கும் ஒதறிட்டுது. உன் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது” என்றார்.

அதன்பிறகு வெகுநாள் வரை தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். வேலைநீக்க உத்தரவு வரவில்லை. டாக்டர் பல்லைப் பற்றி மட்டும் அவ்வப்போது கேட்பார். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வைகாசியில் கருட சேவையன்று ஜீப் எங்கள் வாசலிலேயே நின்றது.

அச்சடித்த அவைக்குறிப்பு வந்ததும் எம்.எல்.ஏ. அந்த நெசவாளியிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். மனிதர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார், இடுப்பில் அன்று பிறந்த அந்தப் பெண் குழந்தை. படிக்கத் தெரிந்தவர்தான். அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். மந்திரியின் கருடன் பேச்சு இருந்தது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்றுகூட இருந்தது. அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். என் பெயர் ஏறிவிடுமோ என்று நான் செத்துச் செத்துப் பிழைத்த புத்தகம் அதுதான்.

அவர் அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்தார்.

“இதுதானம்மா அவ?” என்றார்.

“ஆமாம்பா, இதுதான்” என்றேன்.