படவில்லை என்று சொன்ன ஜான்சி

ஊரூர் குப்பத்து ஜான்சி எறிந்த தட்டு ஒருமுறை பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து கிளம்பி, திருவான்மியூர் சிக்னலில் சிவப்பு விளக்குக்காகச் சற்று நின்று, பச்சை விழுந்ததும் திரும்பி அவள் கைக்கே வந்தது. போக்குவரத்துக் காவலர் அதற்குச் சல்யூட் அடித்தார் என்பார்கள். அது மட்டும் கொஞ்சம் மிகை.

மிகை இல்லாமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. மீன் விற்கும் அந்தோணியம்மாளின் கடைசிப் பெண் அவள். இருபத்தாறு வயது. வாரம் முழுக்கத் தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. நாற்பது புடவை விரித்தால் முப்பத்தொன்பதை மடிக்க வேண்டும். பல நாள் நாற்பதையும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை கடற்கரையில் ஃப்ரிஸ்பீ ஆடிவிட்டு, காதுக்குள் மணலோடு கடைக்கு ஓடுவாள். குழுவின் பெயர் ஆலா. கடல் மேல் பறக்கும் அந்த வெள்ளைப் பறவையின் பெயரை வைத்தது அவள்தான். பல் டாக்டர் ஒருத்தி, வங்கி அதிகாரி ஒருத்தி, கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர், தலைவி மாளவிகா. இத்தனை பேரிலும் பாய்ந்து பிடிப்பதில் ஜான்சிதான் முதல். பல் டாக்டர் பாய்வதற்கு முன் தன் பல்லைப் பற்றி யோசிப்பார்.

ஆட்டம் எளிது. பக்கத்துக்கு ஏழு பேர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. எறிந்து எறிந்து கொண்டுபோய், எதிர்ப்பக்க எல்லைக்குள் நம்மவர் ஒருவர் பிடித்தால் ஒரு புள்ளி. ஒரே ஒரு விநோதம்: நடுவர் கிடையாது. இடிபட்டவர் 'ஃபவுல்' என்பார். இடித்தவர் 'ஆமாம்' என்றால் தட்டு இடிபட்டவருக்கு. 'இல்லை' என்றால் எறிந்தவரிடமே தட்டு திரும்பப் போகும். இடித்தவர் வாயில் வரும் ஒரு சொல்தான் தீர்ப்பு. ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் கலந்து, தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லது கெட்டது பேசி, எதிரணியின் நேர்மைக்கு நாலுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். ஜான்சி ஏழு வருஷமாக 'ஆமாம்' சொல்லிப் பெயர் வாங்கியவள். "ஜான்சி சொன்னா அப்பீலே இல்ல மச்சி" என்று எதிரணிப் பெண்களே சொல்வார்கள்.

பிப்ரவரியில் தேசியப் போட்டிக்கான தகுதி ஆட்டம். எதிரே சூறை என்கிற அணி. அதன் முதுகெலும்பு ராயப்பேட்டை புஷ்ரா, தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. முந்தைய இரண்டு வருஷமும் ஆலா ஒரே ஒரு புள்ளியில் தோற்றுப் போனது. குப்பத்திலிருந்து செங்கல்பட்டைத் தாண்டாத ஜான்சி இந்த முறை ரயிலேறியே தீருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார். ஆலாவின் எல்லைக்குள் புஷ்ராவுக்குத் தட்டு வந்தது. ஜான்சி பக்கவாட்டில் பாய்ந்தாள். அவள் தோள் புஷ்ராவின் வலது முட்டியில் பட்டது. லேசாக அல்ல. முட்டி உள்பக்கமாக மடங்குவது தோளுக்கே தெரிந்தது. இருவரும் மணலில் விழுந்தார்கள், தட்டும் விழுந்தது.

"ஃபவுல்" என்றாள் புஷ்ரா, முட்டியைப் பிடித்துக்கொண்டு. பிறகு அவளே, "பட்டுச்சுல்ல ஜான்சி?" என்று கேட்டாள். மணல் பறந்ததில் அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

மற்ற பதின்மூன்று பேரும் ஜான்சியைப் பார்த்தார்கள்.

"படல" என்றாள் ஜான்சி. "உன் காலு மணல்ல மடங்கிக்கிச்சு."

"அப்படியா?" புஷ்ரா எழுந்து காலை உதறிப் பார்த்தாள். "சரி, நீ சொன்னா சரி. சுளுக்குதான் போல. ஆடலாம்."

தட்டு எறிந்தவளிடமே திரும்பிப் போனது. அடுத்த எறிதலுக்குப் புஷ்ரா மூன்று அடி ஓடித் திரும்பினாள். ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். அவள் விழுந்த இடத்தின் மேலே பறந்த தட்டை ஆலா பறித்து, எதிர் எல்லைவரை எறிந்து கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தது. அன்றைய வட்டத்தில் புஷ்ரா இல்லை, ஆட்டோவில் ஏற்றிவிட்டிருந்தார்கள். சூறைப் பெண்கள் ஜான்சியின் நேர்மைக்கு நாலுக்கு நாலு மதிப்பெண் போட்டார்கள்.

ஆலா ரயிலேறியது. பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்து இறங்கியது.

மே மாதம் பயிற்சிக்கு நடுவில், தண்ணீர் குடித்துக்கொண்டே மாளவிகா சொன்னாள்: "புஷ்ராவுக்கு ரெண்டு ஆபரேஷன் ஆச்சாம்பா. இனிமே ஆட முடியாது. ஸ்கூல்லயும் வேலைய விட்டு எடுத்துட்டாங்க. வார்ம்-அப் பண்ணாம ஓடி காலை உடைச்சுக்கிட்ட டீச்சர் எங்களுக்கு வேணாம்னுட்டாங்களாம்."

ஜான்சிக்கு அப்போது குடித்த தண்ணீர் இன்னும் இறங்கவில்லை என்றால் அதையும் நம்பலாம்.

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லி, அம்மாவின் கூடையிலிருந்து வஞ்சிரத்தில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனாள். புஷ்ரா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தொடை கையளவுக்கு இளைத்திருந்தது. ஜான்சி சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மீனைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மறு திங்களும் அப்படியே. அதற்கடுத்த திங்களும்.

"இன்னாடி, வாராவாரம் வஞ்சிரம் ராயப்பேட்டைக்கே போய்க்கினு கீது? அங்க இன்னா, கவர்னரா குந்திக்கினு கீறாரு?" என்றாள் அந்தோணியம்மாள்.

புஷ்ராவின் அம்மா ஹாஜிரா பீ வேறு மாதிரி. நான்காவது வாரம் மீனை வாங்கும்போது கண் கலங்கிவிட்டது. "அவ டீமுலயே ஒருத்தியும் எட்டிப் பாக்கலம்மா. எதிர் டீமு பொண்ணு நீ வர்ற. உன் மனசு யாருக்கு வரும்?"

அந்த வாரம் ஜான்சி வந்த பஸ்ஸில் ஏறாமல் குப்பம்வரை நடந்தே போனாள்.

ஐந்தாவது திங்கள் மீன் இல்லாமல் போனாள். ஹாஜிரா பீ கீழே கடைக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

"புஷ்ரா, அன்னிக்கி பட்டுச்சு."

"எது?"

"என் தோளு. உன் முட்டியில. எனக்கு அப்பவே தெரியும்."

புஷ்ரா நீட்டியிருந்த காலின் முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"மொத அடியில ஜவ்வு பாதிதான் கிழிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். "அப்பவே உக்காந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காதாம். வலி உயிர் போச்சுடி. ஆனா நீ படலன்ன. நீ பொய் சொல்ல மாட்டன்னுதான் எழுந்து ஓடினேன். என் கால நம்பல. உன்ன நம்பினேன்."

"நான் இன்னா செய்யணும், சொல்லு. எது வேணா செய்றேன்."

"ஞாயித்துக்கிழமை வட்டத்துல சொல்லு. ரெண்டு டீமும் இருக்கணும். நானும் வருவேன்."

அந்த ஞாயிறு சூறையோடு ஆலாவுக்கு வெறும் பயிற்சி ஆட்டம்தான். வட்டம் உட்கார்ந்தது. புஷ்ரா ஊன்றுகோலோடு வந்து, மணலில் உட்கார முடியாமல் யாரோ கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜான்சி பெரிதாக எதுவும் பேசவில்லை. "பிப்ரவரி மேட்ச்ல நான் படலன்னு சொன்னது பொய். பட்டுச்சு. புஷ்ரா காலு தானா மடங்கல" என்று மட்டும் சொன்னாள்.

அவள் இடது தோள்மேல் இருந்த பல் டாக்டரின் கை முதலில் எடுபட்டது. வலது தோள்மேல் மாளவிகாவின் கை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவளும் தலைமுடியைச் சரிசெய்வது போல் எடுத்தாள். திரும்ப வைக்கவில்லை.

"ஏய், அந்த நேஷனல்ஸ் எங்களுது!" என்று சூறைப் பக்கமிருந்து ஒரு பெண் கத்தினாள். "உன்ன நம்பி நாலுக்கு நாலு வேற போட்டோமே, த்தூ!"

புஷ்ரா கையைக் காட்டி அவளை அடக்கினாள். ஊன்றுகோலைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்தாள். "எல்லாரும் கேட்டீங்கல்ல? நான் வார்ம்-அப் பண்ணாம ஓடல. என் காலு என்ன ஏமாத்தல. அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சாலையை நோக்கித் திரும்பினாள். ஜான்சி குதித்தெழுந்து, பிடித்துக்கொள்ளத் தோளை நீட்டினாள். அதே தோள்.

"வேணாம்" என்றாள் புஷ்ரா.

மணலில் ஊன்றுகோல் முழங்கை அளவு புதைந்தது. பிடுங்கி, ஊன்றி, மறுபடி பிடுங்கி நடந்தாள். அங்கிருந்து சாலை நூறு அடிகூட இருக்காது. ஜான்சி போன்றவள் ஆறேழு விநாடியில் ஓடிவிடுகிற தூரம். அன்று ஒன்பது மணி தாண்டியது, தி.நகர்க் கடையில் ஷட்டர் தூக்கியிருப்பார்கள். வட்டத்திலிருந்தவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். புஷ்ரா சாலைக்குப் போய்ச் சேரும்வரை ஜான்சி நின்ற இடத்திலேயே நின்றாள், தோளை இறக்காமல்.