பட்டம்மாளுக்கு ஆகாத ஊசி

1953 ஜனவரி 19, திங்கட்கிழமை. எண்ணூர்க் குப்பத்து மீன்காரி பட்டம்மாளுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் வார்டில் படுத்திருந்தாள். நான்கு நாளைக்கு முன் கெளுத்தி முள் ஏறிய வலது கை பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. சிவப்பு மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. சல்பா மாத்திரை கேட்கவில்லை. நாளைக் காலைக்குள் வீக்கம் இறங்காவிட்டால் கையை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் செல்வநாதன் சொல்லிவிட்டார்.

பெனிசிலின் போட்டால் பிழைக்கக்கூடிய கை. போடக் கூடாது என்று இடது கை சொன்னது. முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது: ஓர் ஊசி, அதன்மேல் குறுக்கே இரண்டு கோடுகள்.

நான்கு வருஷத்துக்கு முன், மகன் பிறந்த பன்னிரண்டாம் நாள் மார்பில் கட்டி வந்து, தர்ம வைத்தியசாலை ஒன்றில் அந்த ஊசியைப் போட்டார்கள். மூன்றாம் நாள் இரண்டு முன்கையிலும் தடிப்பு எழும்பியது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, இந்த மருந்து ஆகாது என்று சீட்டெழுதிக் கொடுத்தார். சீட்டு மீன்கூடைத் தண்ணீரில் ஊறிக் கரைந்தது. கணவன் தேசப்பனுக்குத் தெரிந்த ஒருவன் அதே ஊசியைப் போட்டுக்கொண்ட சற்று நேரத்தில் மூச்சு முட்டிச் செத்திருந்தான். அதனால் பச்சை குத்துகிறவளைக் கூட்டிவந்து, சீட்டில் இருந்ததைத் தோலிலேயே ஏற்றிவிட்டான்.

"கெளுத்திக்கும் உனக்கும் இன்னாம்மா தகராறு?" கட்டை மாற்றிக்கொண்டே கேட்டாள் நர்ஸ் ஃப்ளோரன்ஸ்.

"அது செத்துப்போச்சு நர்சம்மா. நான்தான் பாக்கி."

டாக்டர் கட்டிலருகே வந்தார். "அன்னிக்கு மூச்சு முட்டிச்சா? உதடு வீங்கிச்சா? மயக்கம்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஊசி எங்க போட்டாங்க?"

"இடுப்புல."

"தடிப்பு மட்டும் கையிலயா? அந்த ரெண்டு நாளும் கையால என்ன வேலை செஞ்சே?"

பட்டம்மாள், கட்டில் காலடியில் நின்ற தேசப்பனைப் பார்த்தாள். பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும் முன் வலையைத் தொடக் கூடாது. தொட்டால் கடல் ஆள் கேட்கும் என்பது அவர்கள் குப்பத்து நம்பிக்கை. அந்த வாரம்தான் தேசப்பனின் தம்பி கட்டுமரம் கவிழ்ந்து போனான். உடல்கூடக் கரை சேரவில்லை.

"வாயத் தொறம்மா. கை போயிரும்," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"வலையில சொறி அப்பிக்கினு இருந்துச்சு." சொறி என்றால் தொட்ட தோலைச் சுடுகிற ஜெல்லிமீன். தேசப்பனைப் பார்த்தே சொன்னாள். "ஆளு இல்ல. காலையில நீ கடலுக்குப் போவணும்னு பேஜாரா சுத்திக்கினு இருந்தே. நான்தான் உக்காந்து எடுத்தேன்யா."

அன்று பழி ஊசியின்மேல் போனபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பச்சை குத்தக் கையை நீட்டியதும் அதனால்தான்.

"இத்த மனசுல வெச்சிகினுதான் நாலு வருஷமா என் வூட்ல சோறாக்கினியா?" என்றான் தேசப்பன். பதிலுக்கு நிற்காமல் தாழ்வாரத்துக்குப் போய்விட்டான்.

"தடிப்பு மருந்தால வந்திருக்க வாய்ப்பு கம்மி," என்றார் டாக்டர். "ஆனாலும் சோதிக்காம போட மாட்டேன்."

அட்ரினலின் ஏற்றிய ஊசியைத் தட்டில் தயாராக வைத்துக்கொண்டு, ஃப்ளோரன்ஸ் இடது முன்கையில் இரண்டு இடத்தில் லேசாகக் கீறினாள். ஒன்றில் நீர்த்த பெனிசிலின் ஒரு சொட்டு. மற்றதில் வெறும் உப்புநீர். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"எரியுதா?"

"கை எரியல," என்றாள் பட்டம்மாள். கண் வாசலில் இருந்தது.

இரண்டு கீறலும் ஒன்றுபோலவே இருந்தன. அடுத்துத் தோலுக்கடியில் ஒரு துளி. மீண்டும் இருபது நிமிடம். பிறகு சிறிய அளவு மருந்து, அரை மணி நேரம். தடிப்பும் இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. மாலை நாலு மணிக்கு முழு ஊசி போட்டார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல ஃப்ளோரன்ஸ் தாழ்வாரத்துக்குப் போனபோது பெஞ்சு காலியாக இருந்தது.

மறுநாள் சிவப்பு மணிக்கட்டுக்குக் கீழே இறங்கியது. கை தப்பியது. ஒன்பது நாள் ஊசி போட்டார்கள், தேசப்பன் வரவில்லை. இருபத்தொன்பதாம் தேதி அக்கா மங்கை வந்து அவளைக் காசிமேட்டில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மறுநாள் காலை ரயிலில் பட்டம்மாள் எண்ணூருக்குப் போனாள், தேசப்பனிடம் மகனைக் கேட்க.