இடது கேன், வலது கேன்

“இன்னும் ஒரு சொம்பு ஊத்து பாப்பா.”

“வழியுதுப்பா.”

“வழியட்டும். வழிஞ்சாத்தான் உள்ள காத்து இல்லன்னு அர்த்தம்.”

புதன்கிழமை சாயங்காலம். தஞ்சாவூர் கரந்தையில் எங்கள் வீட்டு வாசல். அப்பாவின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் நடு ஸ்டாண்டில் நிற்கிறது. பின்சீட்டின் இரண்டு பக்கமும் பத்து லிட்டர் பிடிக்கும் அலுமினியப் பால் கேன்கள் கட்டியிருக்கின்றன. நான் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறேன். அப்பா விரல் முட்டியால் கேனைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். நிறையாத கேன் ‘டங்’ என்னும். நிறைந்த கேன் ‘டக்’. டக் வந்ததும், சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டிய மூடியை வைத்து அழுத்தினார். பிறகு மறுபக்கம் போய் இன்னொரு கேனைத் தட்டினார். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அப்பாவின் பெயர் மருதையன். முப்பத்தாறு வருஷம் சர்வேயர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் யாராவது எல்லைத் தகராறு என்று கடிதம் போட்டால் கேம்ப் கிளம்பிவிடுவார். கேம்ப் என்றால் மூன்று நாள், நான்கு நாள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுக்கை. கொசுவலையின் மூன்று மூலைகள் தூணுக்கும் ஜன்னலுக்கும் போகும்; நான்காவது மூலை ராஜ்தூத்தின் ஹேண்டில்பாருக்கு. மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு படி ரவை, வெங்காயம், அளவுச் சங்கிலி, குடை. அந்த ஊரில் எதையும் கேட்க மாட்டார், தண்ணீர் உட்பட.

“அளக்க வந்தவன் வயித்துல அந்த ஊர்த் தண்ணி இருக்கக் கூடாது” என்பார்.

கேன் தீர்ந்தால் அருகில் உள்ள ரயில் நிலையத்துக்குப் போய் நிரப்பிக்கொள்வார். ஸ்டேஷன் குழாய்க்கு எந்தத் தரப்பும் கிடையாது என்பது அவர் கணக்கு. டெல்டா முழுவதும் அவருக்கு ஸ்டேஷன் தண்ணீராகத்தான் நினைவிருந்தது. நாகூர், “கரிக்கும், ஆனா வெயிலுக்கு நல்லது.” பட்டுக்கோட்டை, “குடிச்சா தூக்கம் வரும், அளக்குற அன்னிக்கு ஆவாது.” மயிலாடுதுறையை அவர் கடைசிவரை மாயவரம் என்றுதான் சொன்னார். “மாயவரம் தண்ணி ரெண்டு இட்லி கூடக் கேக்கும்.”

“அப்ப மாயவரத்துலயே குடித்தனம் வச்சுக்குங்க” என்பார் அம்மா. “இட்லியையும் அவங்களையே சுடச் சொல்லுங்க.”

குடிப்பதற்கும் முறை உண்டு. மூடிதான் டம்ளர். இடது கேனிலிருந்து ஒரு மூடி, வலது கேனிலிருந்து ஒரு மூடி. கடைசியாகக் குடித்த பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆரம்பத்தில் ஒரே கேன்தான், வலது பக்கம், அதுவும் அரைக் கேன். திருவாரூர் பக்கம் ஒரு வளைவில் வண்டி வாய்க்காலுக்குள் போனது. சேற்றிலிருந்து எழுந்தவர் முதலில் சங்கிலியைத் தேடினார், அடுத்துக் கேனை. முழங்காலில் ரத்தம் வருவதை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்தான் காட்டினாராம். பல வருஷம் கழித்து, அரைப் பாத்திரத்துத் தண்ணீர் ஆடும்போது எடை இடம் மாறும் என்று நான் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்து விளக்கினேன்.

“அத வாய்க்கால் அப்பவே சொல்லிடுச்சு. ஃபீஸும் வாங்கல” என்றார்.

நான் இப்போது தண்ணீர் பம்புகள் வடிவமைக்கிறேன். அவர் கேன்களில் திருத்தம் செய்ய இதுவரை எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

கேன்கள் வந்த கதையை அவர் சொன்னதில்லை. அம்சம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்சத்தின் ஊர் மயிலாடுதுறைக்குத் தெற்கே. விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்த சமயம். மிராசுதார் பஞ்சநதத்தின் நிலத்தில் பதினான்கு குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அளந்து கல் நட்டால்தான் பட்டா. பட்டா இருந்தால்தான் மண்சுவரை எடுத்துவிட்டுச் செங்கல் வைக்கலாம். யாரும் வந்து காலி செய் என்று சொல்ல முடியாது. அளக்கப் போனவர் அப்பா. அவருடைய அப்பாவும் பண்ணையாள்தான். அதே மாதிரித் தெருவில் பிறந்து, சர்க்கார் சங்கிலியோடு அங்கே போய் நின்றார்.

மிராசுதார் வீட்டுத் தாழ்வாரத்தில் அவருக்கென்று ஒரு தனி அலுமினிய டம்ளர் எடுத்து வைத்திருந்தார்கள். தாகம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வெயில் ஏறியது. அம்சம் அப்போது அந்தக் குடிசைகளில் ஒன்றுக்குக் கல்யாணமாகி வந்த புதுப்பெண்.

“ஒதடு காஞ்சு கெடக்கு. குடிங்கண்ணே” என்று ஒரு சொம்பு நீராகாரம் நீட்டியிருக்கிறாள்.

அப்பா வாங்கிக் குடித்துவிட்டார். சின்ன வெங்காயம்கூடக் கடித்துக்கொண்டாராம்.

மறுநாளே மனு போனது. ‘மேற்படி சர்வேயர் எதிர்த்தரப்பார் வீட்டில் நீராகாரம் அருந்தி, அவர்களுக்கு அனுசரணையாக அளந்துள்ளார்.’ சாட்சிக் கையெழுத்து ஐந்து. அப்பா மறுக்கவில்லை, குடித்தது உண்மை. அளவு ரத்தானது. அடுத்த அளவுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. இடையில் ஒரு மழைக்கு மூன்று சுவர்கள் விழுந்தன. பட்டா இல்லாததால் திரும்ப எழுப்ப விடவில்லை. அம்சத்தைத் தெருவே ‘சொம்புக்காரி’ என்று கூப்பிட்டது.

மூன்று வருஷம் கழித்து அதே ஊருக்கு அப்பாவையே அனுப்பினார்கள். கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அம்மா சொல்வார். இந்த முறை ராஜ்தூத்தில் இரண்டு கேன்கள் இருந்தன.

வைகாசி வெயில். வயலில் ஒரு மரம் கிடையாது. பஞ்சநதம் குடையோடு ஒரு பக்கம், அவர் ஆட்கள் நான்கு பேர். எதிர்ப் பக்கம் செங்கொடியோடு நாற்பது பேர். நடுவில் வண்டி. அப்பா சங்கிலியைப் பிடிக்கும்போது யாரும் சங்கிலியைப் பார்க்கவில்லை. அவர் வாயைத்தான் பார்த்தார்கள். அவர் வண்டிக்கு வந்தார். இடது கேனில் ஒரு மூடி குடித்தார். சுற்றிப் போய் வலது கேனில் ஒரு மூடி குடித்தார். சாக்பீஸ் கோடு போட்டார். சங்கிலிக்குத் திரும்பினார்.

“யாரு ஊட்டுத் தண்ணிண்ணே?” என்று அம்சம் கேட்டாள்.

“மாயவரம் ஸ்டேஷன். வேணும்னா மனு போடு, ரயில்வேக்குப் போவும்.”

நாற்பது பேரும் சிரித்தார்கள். பஞ்சநதத்தின் ஆட்களில் ஒருவரும் சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் ஆனது. இரு தரப்பும் இடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் மற்றவர் சங்கிலியை இழுத்துவிடுவார் என்ற பயம். எல்லாருக்கும் நாக்கு ஒட்டியது. அப்பா இரண்டு மூடிகளையும் திறந்து வைத்தார்.

“குடிக்கிறவங்க குடிக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் சமமாக் குடிக்கணும். வண்டி சாஞ்சா நான் வாய்க்கால்ல கெடப்பேன், அளவு இன்னும் மூணு வருஷம் தள்ளிப் போவும்.”

முதலில் அம்சம் வந்தாள். அவள் பின்னால் தெருவே வந்தது. எல்லாரும் தங்கள் பக்கம் இருந்த இடது கேனில்தான் குடித்தார்கள். அது பாதிக்குக் கீழே போயிற்று. உழுது போட்டிருந்த மண்ணில் ஸ்டாண்டின் வலது கால் மெல்லப் புதைந்தது. வண்டி மிராசுதார் பக்கம் சாய ஆரம்பித்தது.

அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். “அய்யா, உங்க பக்கம் பாரமா இருக்கு. நாலு மூடி கொறச்சீங்கன்னா நிக்கும்.”

பஞ்சநதம் கேனைப் பார்த்தார். பிறகு தன் நான்கு ஆட்களைப் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே கேனை நோக்கி இரண்டடி வைத்திருந்தார்கள். அவர் குடையை ஒருவரிடம் கொடுத்தார். மூடியில் தண்ணீர் எடுத்து, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

“நாங்களும் அண்ணாந்துதான் குடிச்சோம்ங்க. பயப்படாமக் குடிங்க” என்றாள் அம்சம்.

அவருக்குப் புரை ஏறியது. தெருவின் பெரியவர் ஒருவர் பழக்க தோஷத்தில், “பாத்துங்கய்யா, மெதுவா” என்றார். அதற்கு மேல் யாராலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்து பேரால் வலது கேன் தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் குறைக்க முடியாது. தெருக்காரர்களும் சுற்றி வந்து அதே கேனில் குடித்தார்கள். வண்டி நேராக நின்றது. அப்பா இரண்டு கேன்களையும் தட்டிப் பார்த்தார். இரண்டிலும் டங்.

இந்த முறை அளந்ததன் மேல் மனு போகவில்லை. போட வேண்டியவர் வயிற்றிலும் அதே தண்ணீர் இருந்தது. பொழுது சாய்வதற்குள் பதினான்கு மனைகளுக்கும் கல் நட்டாயிற்று. அந்த வருஷமே அம்சம் செங்கல் வைத்தாள். சொம்புக்காரி என்ற பெயர் போகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கோபப்பட்டதில்லை என்றாள்.

இந்த ஐப்பசியில் அவள் கடிதம் வந்தது. செங்கல் லாரி இடித்து, அவள் மனையின் வடகிழக்கு மூலைக் கல் பெயர்ந்துவிட்டது. பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கியவர் வேலி போடப் போகிறார், அவள் சமையலறைச் சுவர் தன் இடத்தில் வருகிறது என்கிறார். வெள்ளிக்கிழமை புது சர்வேயர் வருகிறார். கல் இருந்த இடத்தை அண்ணன் வந்து காட்ட வேண்டும். கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ‘கல்லைச் சும்மா போடுவானேன் என்று அதில் துணி துவைக்கிறோம்.’

அப்பா அந்த வரியை மூன்று முறை வாசித்துக் காட்டிச் சிரித்தார். “சர்க்கார் கல்லுல சவுக்காரம் போடுறா பாரு.” வியாழன் காலை கிளம்பி மாயவரத்தில் தங்குவதாக ஏற்பாடு. அதற்குத்தான் புதன்கிழமை கேன்களை நிரப்பினோம்.

வியாழன் காலை அவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை அம்சம் பஸ் பிடித்து வந்தாள். தலை நரைத்திருந்தது. வெயிலில் நடந்து வந்ததில் உதடு காய்ந்திருந்தது. அம்மாவின் பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னாள். “புது சர்வேயரு வந்தாரு. கல்லு நின்ன எடத்தக் காட்ட ஆளு இல்லன்னு அடுத்த மாசத்துக்குத் தேதி போட்டுட்டுப் போயிட்டாரு. கல்ல அலம்பி, செவுத்துல நிமித்தி வச்சிருக்கேன். யாரும் இப்ப அதுல தொவைக்கிறதில்ல.”

உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ராஜ்தூத் புதன்கிழமை நிறுத்திய இடத்திலேயே நின்றது. சங்கிலி டாங்க்கின் மேல் சுருட்டிக் கட்டியபடி இருந்தது. அவள் இடது கேனைத் திறந்து, ஒரு மூடி தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். மூடியை அழுத்தி வைத்தாள். பிறகு வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், வலது கேனைத் திறந்தாள்.