பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

சாலைக் கடைத்தெருவில் நான் கணக்கு எழுதிய மிளகாய் மொத்தக் கடையில், ஃபேனில் மிளகாய்த் தூசி அடைத்து இரண்டு கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்துக் கெட்டன. அதனால் 2004இல் ஃபேனே இல்லாத சிறு பெட்டி ஒன்றை வாங்கினோம். உள்ளே எழும் சூட்டை அதன் அலுமினிய உடம்பே வெளியேற்ற வேண்டும். ஓடும்போது சத்தமே இருக்காது. திரையின் மூலையில் தெரியும் வெப்ப எண்ணையே நான் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அறுபதை ஒட்டி நிற்கும். தொண்ணூறைத் தொட்டால் பெட்டி தானாக அணைந்துவிடும்.

அந்த நவராத்திரியில், புத்தகங்களையும் தொழில் கருவிகளையும் பூஜைக்கு வைக்கும் அஷ்டமியன்று, பழுதான கணக்குக் கோப்புகளைச் சீராக்கும் வேலையை ஓடவிட்டு, திரையை மட்டும் அணைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனேன். வேலை நடுவில் நின்றால் அந்த வருடக் கணக்கு முழுவதும் போய்விடும். திரும்பி வந்தபோது முதலாளி மேசையிலேயே சரஸ்வதி படத்தை வைத்து, பெட்டியைப் பட்டால் போர்த்தி, விசைப்பலகைமேல் மாலை சாத்தி, விளக்கும் ஏற்றியிருந்தார்.

"அண்ணாச்சி, அது ஓடிக்கிட்டு கெடக்கு."

"சத்தத்தக் காணலியே வே."

"அதுக்குச் சத்தம் கிடையாது."

"பூஜைக்கு வச்சாச்சு. விஜயதசமி காலைல எடுக்கது வரைக்கும் தொடப்பிடாது."

பட்டுக்கு மேலே, தொடாமல், உள்ளங்கையை நீட்டினேன். இட்லிக் கொப்பரைமேல் நீட்டியது போலிருந்தது. அவரும் நீட்டிப் பார்த்தார்.

"நாம தொடப்பிடாது. காத்து தொடலாம்லா?"

ஸ்டாண்டு ஃபேன் ஒன்றை இழுத்து வந்து பெட்டிக்கு நேரே ஓடவிட்டார். விளக்கின் சுடர் படுத்தது. ஃபேனை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். அவர் ஒரு தகரத்தைத் தேடி எடுத்து விளக்குக்கு மறைப்பாக நிறுத்தினார். காற்றில் பட்டு மெல்ல நழுவிப் பெட்டியின் ஒரு பக்கமாகச் சரிந்தது. அதை அவர் பார்த்தார், இழுத்துவிடவில்லை.

மறுநாள் நவமி. புத்தகத்தையும் தொடக்கூடாத நாள் என்பதால், வீட்டில் எனக்கு அந்தப் பெட்டியைத் தவிர நினைக்க வேறெதுவும் இருக்கவில்லை. தெருவில் மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியபோது சோற்றில் கை வைத்தபடியே எழுந்துவிட்டேன்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்து, வழக்கப்படி அரிசியில் எழுதி முடித்ததும் திரையைப் போட்டேன். கோப்புகள் சரியாகியிருந்தன. அப்போதைய எண் ஐம்பத்து நான்கு. அதன் கீழே, எட்டிய உச்சம் எண்பத்தெட்டு. முதலாளி பின்னால் வந்து நின்று, அது எத்தனை என்று கேட்டார். சொன்னேன். தொண்ணூறானால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னேன்.

அவர் சரஸ்வதி படத்தைப் பார்த்தார்.

"அவளுக்கும் வேர்த்திருக்கும்," என்று சொல்லி மாலையைக் கழற்றினார்.